பாட்டி இல்லாத வீடு

சுரக்குடியில் எங்கள் வீட்டில் பாட்டி என்று ஒருவர் இருந்ததே கிடையாது. அப்பாவைப் பெற்றவர் அப்பாயி. அம்மாவைப் பெற்றவர் அம்மாயி. பாட்டி என்பவள் பாடப்புத்தகத்தில் மரத்தடியில் உட்கார்ந்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். காக்காயிடம் வடையைப் பறிகொடுத்த அந்தக் கதையை நான் உரக்கப் படித்தபோது, நெல் புடைத்துக்கொண்டிருந்த அப்பாயி முறத்தைக் கீழே வைத்தார். "கடைய விரிச்சி ஒக்காந்துகிட்டு ஒரு காக்காய வெரட்டத் தெரியலன்னா, அவ என்னாடி யாவாரம் பண்ணுறா?" என்றார். அப்பாயி வேறு, பாட்டி வேறு என்று அன்றைக்கே எனக்குத் தெளிந்துவிட்டது.

திருநள்ளாறு கொம்யூனில் அடங்கிய ஊர் எங்களுடையது. காரைக்காலிலிருந்து மேற்கே வந்தால் வயல், வாய்க்கால், மறுபடி வயல். பேச்சு சுவாரசியத்தில் இன்னும் கொஞ்சம் போய்விட்டால் தமிழ்நாடு. அந்த எல்லைக்கோடு எங்கள் குடும்பத்தோடு நிறைய விளையாடியிருக்கிறது. அப்பாவின் அக்காள் 1940களின் தொடக்கத்தில் பேரளம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபோது, பிரெஞ்சுக்காரன் சீமையிலிருந்து இங்கிலீஷ்காரன் சீமைக்குப் போனார். சீர்ப் பாத்திரங்களைச் சுங்கச்சாவடிக்காரன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தானாம். அந்த அத்தையின் மகளைத்தான் 1960-இல் என் அப்பாவுக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து பெண் எடுப்பதுதானே முறை?

அதற்குள் காலம் மாறியிருந்தது, பாதி. 1954 நவம்பர் 1 அன்றே ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. 1956 மே 28-இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் பாரீஸில் நாடாளுமன்றம் சாவகாசமாக ஒப்புதல் கொடுத்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. ஆக, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால் என் அம்மா பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்டவர். அடுத்த வருஷம் பிறந்த நானும் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவள். வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. எங்கள் வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு சம்பா அறுவடை இருந்தது. அப்பாயிக்கு அதுதான் முக்கியம். இன்றைக்கு என் தம்பி பிள்ளைகள் அந்த அறுவடை எத்தனை மூட்டை கண்டது என்று கசப்போடு விசாரிக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்தவர்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' என்று பெயர் வாங்கிப் பென்ஷனோடு திரும்பியவர்களும் சுற்றுவட்டாரத்தில் உண்டு. பாரீஸுக்குப் பக்கத்தில் பிறந்த அவர்கள் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து, திண்ணையில் இருக்கும் கிழவியை 'மெமே' என்று கூப்பிடும். எங்கள் தெருவில் ஆடு வளர்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்தப் பாட்டி எப்போது எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள் என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. காரைக்கால் பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது நான் அப்பாயி என்று எழுதினேன். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பாட்டி என்று திருத்தித் தந்தார்கள். அப்பாயி கொச்சை, பாட்டி நல்ல தமிழ். நல்ல தமிழுக்குத் தொல்காப்பியத்தைத்தானே கேட்க வேண்டும்? மரபியலைப் பிற்பாடு படித்தபோது பார்த்தேன்: பன்றி, நாய், நரி இவற்றில் பெண்ணுக்குப் பாட்டி என்று பெயர். நல்லவேளை, அப்பாயி உயிரோடு இருந்த காலத்தில் நான் மரபியல் படிக்கவில்லை.

சிவப்பு மை ஜெயித்தது. நான் கல்யாணமாகிச் சென்னையில் குடித்தனம் நடத்தி ஒரு மகளை வளர்த்தபோது, என் அம்மாவும் பாட்டி, மாமியாரும் பாட்டி. குழப்பம் வராமலிருக்க ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டோம்: சுரக்குடிப் பாட்டி, கும்பகோணத்துப் பாட்டி. வெற்றிலைக்கும் டிகிரி காப்பிக்கும் செய்கிற மரியாதையைப் பெற்றவர்களுக்கும் செய்தாயிற்று. புதுக்கோட்டைப் பக்கத்து அப்பத்தா, மதுரை அம்மாச்சி, கோயம்புத்தூர் அம்மிச்சி, திருநெல்வேலி ஆச்சி, எல்லோருக்கும் சென்னை அடுக்குமாடியில் இதே கதிதான். ஆயாவுக்கு அதைவிட மோசம். பாலர் பள்ளியில் மூக்கு துடைத்துவிடும் உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள். இத்தனை பேர் போனார்கள், ஒருவருக்காவது ஒரு கறுப்புக்கொடி? ஒரு தார்ச்சட்டி? நாங்கள் அப்போது இந்தி வந்துவிடப் போகிறதே என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கொல்லைப்புறம் வழியாகப் பாட்டி வந்ததை யார் கவனித்தது?

இந்தியும் எனக்குப் புதிதில்லை. 1938-இல் ராஜாஜி சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது, அது எங்கள் ஊரைத் தொடவில்லை. நாங்கள் வேறு சர்க்கார். அப்பாயிக்கு இந்தித் தொல்லை கிடையாது, பிரெஞ்சுத் தொல்லைதான். ஆனால் எழுபதுகளில் காரைக்காலில் மாலை நேரத்து இந்தி வகுப்பு நடந்தது. காந்தி 1918-இல் தொடங்கிவைத்த பிரசார சபையின் பிராத்மிக் பரீட்சைக்கு எங்களைத் தயார் செய்தார் ஒரு வாத்தியார். இந்திக்காரர் எவரையும் நேரில் பார்த்திராதவர். புத்தகத்தில் பார்த்த மொழியைப் புத்தகத்தில் பார்த்தபடியே கற்றுக்கொடுத்தார். தாதி என்றால் அப்பாவின் அம்மா. நானி என்றால் அம்மாவின் அம்மா. தாதாவும் நானாவும் அவரவர் புருஷன்மார். இதை வீட்டில் வந்து ஒப்பித்தேன். அப்பாயிக்கு தாதி என்பது பிடிக்கவில்லை. "அது பெரிய எடத்துல புள்ளைக்குப் பால் குடுக்குறவளுக்குப் பேருல்ல? எனக்கு எதுக்கு?" என்றார். நியாயம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இன்றைக்கும் தாதி என்றால் நர்ஸ் அம்மா.

நானியைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் ஆட்சேபம் எழவில்லை. எங்கள் வகுப்பில் கூடப் படித்த ராவுத்தர் வீட்டுப் பெண் தன் பாட்டியை நன்னி என்றுதான் கூப்பிடுவாள். வாத்தியார் நானி என்றதும், "இது எங்கூட்டு வார்த்தையாச்சே" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து, ஒரு ன்-ஐ அழுத்தி, நெடிலைக் குறிலாக்கி, நோன்புக் கஞ்சியோடு டெல்டாவில் குடியேறிவிட்ட சொல் அது. அதற்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை, சான்றிதழும் தரவில்லை.

1984-இல் சென்னை உறவினர் வீட்டில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடர் பார்த்தபோதுதான், தாதியை இந்திக்காரர் வாயால் முதலில் கேட்டேன். சுஷ்மா சேத் அதில் தாதியாக வந்தார். கூட்டுக் குடும்பத்தில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த அந்தத் தாதிக்குப் புற்றுநோய் வந்தபோது, ஒரு வரி இந்தி புரியாத வீடுகளில்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த தாதியில் என் வாத்தியாரின் தாதி எங்கேயும் இல்லை. வேறே ஓசை.

அந்த ஓசையைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் என் பேரன். நொய்டாவில் பிறந்து வளர்கிறவன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நான் அவனுக்கு நானி ஆனேன். என் சம்பந்தியம்மாள், மாப்பிள்ளையைப் பெற்றவர், தாதி. வீடியோ அழைப்பில் வந்து உட்கார்ந்து அவன் பாடம் நடத்துவான். நம் எழுத்தில் தாதி என்று எழுதினால் முதல் எழுத்தைத் 'தண்ணீர்' போலவும், இரண்டாவதைக் 'காது' போலவும் சொல்லுவோம். இரண்டும் கூடாது. 'பந்தா' என்று சொல்லிப் பாருங்கள். அதில் ந்-க்குப் பிறகு நாக்கு பல்லில் அறைந்து வருகிற தா தான் முதலெழுத்து. 'பந்தி' என்பதில் வருகிற தியை நீட்டினால் இரண்டாவது. பந்தா, பந்தி, இரண்டுக்கும் தலையை வெட்டிவிட்டு உடம்பை ஒட்டவைத்தால் தாதி தயார். நாக்கை மேலே மடித்துவிட்டால் தாடி ஆகிவிடும். தமிழிலும் தாடி, இந்தியிலும் ஏறக்குறைய அதே ஓசையில் தாடிதான்; அந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழிகளும் சண்டை போடவில்லை. நானி சுலபம். நம் ந-வும் ன-வும் அங்கே ஒரே எழுத்து. கடைசி 'னீ'யை மட்டும் இழுத்து நிறுத்த வேண்டும். நாம் பேச்சில் எல்லாவற்றையும் கடைசியில் குறுக்கிவிடுகிற ஜனங்கள். "நானி இல்ல, நானீ" என்று தினம் திருத்துவான். என்னைக் கூப்பிட வேண்டியவன் அவன். நான் ஏன் சரியாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டால் பதில் கிடையாது.

போன வருஷம் கணக்குப் பரீட்சை முடிந்து வந்து, "நானி யாத் ஆ கயி" என்றான். பரீட்சை நடுவில் பிள்ளைக்கு என் ஞாபகம் வந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே ஒரு டப்பா அதிரசம் கூரியரில் போயிற்று. பிறகுதான் மகள் சொன்னாள், வினாத்தாள் முழி பிதுங்கவைத்தது என்பதற்கு இந்தியில் அப்படிச் சொல்வார்களாம். கஷ்டம் வந்தால் தாதி ஞாபகம் வராதாம், நானிதான் வருவாளாம். அதிரசம் வீண்போகவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

இதில் என் மகளுக்குத்தான் உள்ளூர வருத்தம். "அம்மா, இந்தி நம்ம வார்த்தைய எல்லாம் முழுங்குது" என்று பெருமூச்சு விடுகிறாள். எந்த வார்த்தையை என்று கேட்டேன். பாட்டியை என்றாள். அப்பாயியையும் அம்மாயியையும் முழுங்கிவிட்டு ஏப்பம் விட்டவள் பாட்டி. அவளை நானியும் தாதியும் முழுங்குகிறார்கள். அப்பாவைப் பெற்றவள் வேறு, அம்மாவைப் பெற்றவள் வேறு என்கிற அந்தப் பழைய பாகுபாடு, சிவப்பு மையால் அடிபட்டு என் மகளின் தலைமுறையில் செத்துப்போனது, என் பேரன் வாயில் மறுபடி உயிரோடு வந்திருக்கிறது. மத்திய சர்க்கார் உபயத்தில். இதை அவளிடம் சொன்னால், நான் கட்சி மாறிவிட்டேன் என்கிறாள்.

ஆனால் நானி, தாதி என்று கறாராகப் பிரித்துவைத்த இந்திக்கு எங்கள் குடும்பத்தைத் தாங்குகிற தெம்பு இல்லை. இதை, நொய்டாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாடிப்படிக்கு எதிர்வீட்டு அம்மாளிடம் நிரூபித்தேன். உத்தரப்பிரதேசத்துக்காரர், என் வயது, பொழுதுபோகாத மத்தியானங்களில் வருவார். உங்கள் நானி எந்த ஊர் என்று கேட்டார். அரைகுறை இந்தியில் சொன்னேன்: என் நானி, என் அப்பாவின் அக்காள். அவர் சிரித்து, "இல்லை, அப்பாவின் சகோதரி பூவா. நானி என்றால் அம்மாவின் அம்மா" என்று திருத்தினார். ஆமாம், அவரேதான் இவர் என்றேன். என் நானிதான் என் பூவா. என் தாதி, என் அம்மாவுக்கு நானி. அப்படிப் பார்த்தால் எனக்குத் தாதியும் அவர்தான், அம்மா வழியில் பர்நானியும் அவர்தான்.

அந்த அம்மாள் டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். விஷயம் விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. அக்காள் மகள் அவர்களுக்கு பாஞ்சி. அவர்கள் பக்கம் பல வீடுகளில் தாய்மாமன் அவள் காலைத் தொட்டு வணங்குவான். அவள் தன் காலைத் தொட விடமாட்டான். அப்படிப்பட்ட பாஞ்சிக்குத் தாலி கட்டுவதா! "சட்டம் விடுமா?" என்றார். விடும். 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டமே, குல வழக்கம் இருந்தால் சரி என்று எங்களுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அவர் சமாதானமாகவில்லை. அடுத்த மத்தியானம் வந்தபோது என்னைக் கொஞ்சம் பயத்தோடும் நிறைய ஆர்வத்தோடும் பார்த்தார். எங்கள் தெருவில் யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று முழுப் பட்டியல் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது, பெரிய அறிஞர்களுக்கே இதில் தலை சுற்றியிருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட தடித்த புத்தகத்தில் உலகத்து உறவுமுறைப் பெயர்களையெல்லாம் அட்டவணை போட்டார். தமிழர் முறையும் இரோகுவாய் என்கிற அமெரிக்கப் பூர்வகுடிகளின் முறையும் பெருமளவு ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு, இரண்டு கூட்டத்தாரும் ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் என்றே முடிவு கட்டினார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-இல் மதுரைப் பக்கம் வந்து, பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் எழுதிக்கொண்டார். அப்போது காரைக்காலில் அவர்கள் கொடியே பறந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கு வந்திருந்தால் பாஸ்போர்ட் செலவு மிச்சம். நான் பிறந்த பிறகும் ஒருமுறை வந்திருந்தால், ஒரே கிழவியை அப்பா ஆத்தா என்றும், அம்மா அம்மாயி என்றும், நான் அப்பாயி என்றும் கூப்பிடுவதைத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டிருக்கலாம், மோரும் கிடைத்திருக்கும்.

உறவுப்பெயர் விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு முன்னோடித் தீர்ப்பு உண்டு. பெற்றோர் இல்லாத சிவபெருமான் காரைக்காலில் பிறந்த புனிதவதியைப் பார்த்து 'அம்மையே' என்றார் என்கிறது பெரியபுராணம். மாங்கனி விவகாரத்துக்குப் பின் பயந்து ஓடிய புருஷன் மனைவியின் காலிலேயே விழுந்தான். உறவுமுறையை இந்த அளவுக்குத் தலைகீழாக்கிய ஊரில், நானிக்கும் தாதிக்கும் நாங்கள் ஏன் மலைக்க வேண்டும்?

மலைக்காதவர்கள் இருக்கிறார்கள். இப்போது நான் சுரக்குடிக்கே திரும்பி வந்துவிட்டேன். சம்பா நடவுக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். எங்கள் காலத்தில் நடவு பெண்கள் வேலை. வரப்பில் ஆண் நின்றால் பாட்டிலேயே கிண்டல் பண்ணி விரட்டுவார்கள். இப்போது வயல் முழுக்க இருபது வயதுப் பையன்கள், ஒரு கையில் நாற்றுமுடி, இடுப்பில் போஜ்புரிப் பாட்டு. ஒருவன் தண்ணீர் கேட்டுப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "தாதி, பானி" என்றான். அந்தப் பெரியம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஏதுடா தாடி?" என்றார். பையன் சிரித்தான். ஆனாலும் செம்பு நிறையத் தண்ணீர் வந்தது, பின்னாலேயே ஒரு கிண்ணம் பழையதும். மறுநாள் முதல் அவன் அவரைப் பாட்டி என்றான். இந்தியில் அது பார்ட்டி மாதிரி வந்தது. அவருக்கு அதிலும் குறையில்லை.

என் சம்பந்தியம்மாள் விஷயம் வேறு. திருநெல்வேலிக்காரர், தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். மகளின் வாட்ஸப் செய்தியில் "தாதி வந்திருக்காங்க" என்று தமிழெழுத்தில் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று எங்கள் உறவுக்காரர்கள் விசாரித்ததில் அவருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. தாதியும் வேண்டாம் தாடியும் வேண்டாம், தன்னை ஆச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பேரன் உடனே கீழ்ப்படிந்தான். நெடிலைக் குறுக்கி 'அச்சீ' என்றான். நொய்டாவில் கேட்கிறவர்கள் காதில் அது இந்திச் சொல்லாக விழுந்தது. அச்சீ என்றால் நல்லவள். பேரன் பாட்டியை நல்லவளே நல்லவளே என்று கூப்பிடுகிறான் என்று அந்த அடுக்குமாடி முழுக்க அவருக்குப் பெயர். எதிர்வீட்டு அம்மாள் தன் மருமகளிடம் இதை உதாரணம் காட்டினாராம்.

எனக்கும் ரோஷம் வந்து, என்னை அம்மாயி என்று கூப்பிடு என்றேன். அவன் சொல்லிவிட்டான், சுத்தமாக, நெடில் குறில் பிசகாமல். அதே மாடியில் ஹைதராபாத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. லிப்டில் வைத்து இதைக் கேட்ட அந்த வீட்டுக்காரர் என்னை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தார். தெலுங்கில் அம்மாயி என்றால் சின்னப் பெண். மகள் சங்கடப்பட்டுப் பேரனைத் தடுக்கப் போனாள். இருக்கட்டும், பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறான் என்று சொல்லிவிட்டேன்.